எதை வைத்து ஒரு கிலோவாட்?

எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒரு கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் இன்னும் பணியில் இருக்கிற ஒரு பொறியாளர். பண்பலை நிலையம் ஒன்றின் உரிமத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. “ஐயா, டிரான்ஸ்மிட்டர் முந்நூறு வாட்தான். ஆனால் ஒரு தாளில் ஆயிரம் வாட் என்றும், இன்னொரு தாளில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது வாட் என்றும் இருக்கிறது. ஒரே ஆன்டெனா. எது உண்மை?”

பதினான்கு பதில்கள் வந்தன. நான்கு கும்பிடும் கை, மூன்று காலை வணக்கம், ஒன்று நிலவேம்புக் கஷாயம் பற்றியது. மீதி ஆறில் ஐந்து தவறு. ஆறாவது பதில் சரி, ஆனால் படித்தால் யாருக்கும் புரியாது. அது நான் எழுதியது. இரண்டு நாளாக அதுவே மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூன்று எண்களும் உண்மை. ஒவ்வொன்றும் எதை வைத்துச் சொல்லப்பட்டது என்பதுதான் வேறு.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கோயில் கொடை நேரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். எட்டு வருடமாக ஒரே கம்பம், என் ஜன்னலைப் பார்த்து. மனு கொடுத்தும் பயனில்லை. அந்தக் கூம்பு ஒரு வாட்டைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. பின்னாலும் பக்கத்திலும் போயிருக்க வேண்டிய சத்தத்தைப் பிடுங்கி முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். எனக்குக் கூடுதலாக வருவது, பின்தெருக்காரருக்கு வராமல் போனது. அவர் நன்றாகத் தூங்குகிறார்.

இப்போது கூம்பைக் கழற்றிவிடுவோம். கழற்றிய பிறகும் என் ஜன்னலுக்கு அதே இரைச்சல் வர வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் இருக்க வேண்டும்? வானொலியில் அந்த எண்ணைத்தான் ஈ.ஆர்.பி. என்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரின் முந்நூறு வாட்டில் கேபிள் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை ஆன்டெனா திரட்டி ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஆயிரம் வாட் போலத் தெரியும்.

எதனோடு ஒப்பிட்டு ஆயிரம்? டைபோல் எனப்படும் சாதாரண இரட்டைக்கம்பி ஆன்டெனாவோடு. ஆனால் டைபோலும் முழு யோக்கியம் கிடையாது. தன் இரு முனைகளின் பக்கம் எதுவும் அனுப்பாமல், அதை மிச்சம்பிடித்துப் பக்கவாட்டில் வீசுகிறது. எல்லாத் திசைக்கும், மேலுக்கும் கீழுக்கும்கூட, ஒரே அளவாக வீசும் ஆன்டெனா ஒன்றை இதுவரை யாரும் செய்ததில்லை. செய்யவும் முடியாது. கணக்குக்காக அப்படி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதனோடு ஒப்பிட்டால் எண் இன்னும் பெரிதாகும். ஒன்றுக்கு ஒன்று புள்ளி ஆறு நான்கு. அதனால்தான் இன்னொரு தாளில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. அதற்குப் பெயர் ஈ.ஐ.ஆர்.பி. வாட் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒப்பிடும் பொருள் மாறியது.

கல்லூரியிலும் பிறகு பயிற்சியிலும் இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனாலும் டிரான்ஸ்மிட்டர் மீட்டரைப் பார்த்தால் நிலையத்தின் சக்தி தெரிந்துவிடும் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் தில்லைநாயகம் சார்.

சேரன்மகாதேவியிலிருந்து களக்காட்டுக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் சிறு நிலையம் இருந்தது. பெரிய நிலையத்தின் நிகழ்ச்சிகளை வாங்கி மறுபடி ஒலிபரப்புவது அதன் வேலை. மத்திய அலை, ஒரு கிலோவாட். மத்திய அலையில் கோபுரத்தின் மேல் ஆன்டெனா இருக்காது, கோபுரமேதான் ஆன்டெனா. கோபுரத்தின் காலடியிலிருந்து நூற்று இருபது செம்புக் கம்பிகள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, மண்ணுக்கடியில் எல்லாப் பக்கமும் ஓடும். கோபுரத்தில் ஏறும் மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பி வர வேண்டும். செம்பு இருந்தால் சேதாரமில்லாமல் வரும். இல்லாவிட்டால் மண்ணைச் சூடாக்கிவிட்டு மீதிதான் வரும்.

தில்லைநாயகம் சார் அங்கே நிலையப் பொறியாளர். நெற்றியில் மூன்று கோடு திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எதை வச்சு?” இன்றைக்கு வெயில் அதிகம் என்றால், எதை வச்சு? பஸ் தாமதம் என்றால், எதை வச்சு? ஒருநாள் காவலாளி சுடலைமுத்து டம்ளரைக் கொண்டுவந்து, “டீ நல்ல சூடா இருக்கு சார், பையக் குடிங்க” என்றான்.

“சூடுன்னு எதை வச்சுலே சொல்லுத?”

“என் நாக்கை வச்சு சார்.”

சார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் நான்கு முறை. அதில் இது ஒன்று.

அவருக்குச் சபலம் என்று ஒன்று இருந்தால் அது பனங்கிழங்கு. வேகவைத்த கிழங்கை இடித்து, மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்துப் பிசைந்து கொண்டுவந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபைலை மூடி வைத்துவிடுவார். கோபுரத்தைச் சுற்றி வேலிக்கு வெளியே கட்டடம் எதுவும் கட்டக் கூடாத வெற்று நிலம் இருந்தது. அதன் மேற்கு ஓரத்தில் சுடலைமுத்து வருடா வருடம் பனங்கொட்டை புதைத்துப் பாத்தி போடுவான். பொங்கலுக்கு முன்னால் தோண்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி எல்லோருக்கும் கொடுப்பான். நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு வருடம் எனக்கு வந்த கட்டில் இருபத்து மூன்றுதான் இருந்தது.

இனி சாகுல் விஷயம்.

சாகுல் மேலப்பாளையத்துக்காரர், மூத்த தொழில்நுட்பர். டிரான்ஸ்மிட்டர் அவர் பொறுப்பு. நான் அவருக்கு அடுத்த நிலை, ஆனாலும் நாங்கள் ‘வே’ போட்டுப் பேசிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். என்னைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார்.

களக்காட்டுப் பக்கத்து வாழை விவசாயிகளிடமிருந்து புகார் வரத் தொடங்கியது. காலையில் சந்தை விலை சொல்லும்போது ஒரே இரைச்சல், எதுவும் கேட்கவில்லை என்றார்கள். மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை எடைபோடும் இடத்தில் ஒரு ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும், அதுவும் நின்றுவிட்டதாக பஸ் டிரைவர் ஒருவர் சொன்னார். வாழைத்தார் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வாரம் தவறாமல் போன் செய்வார். “என்னவே, உங்க ஸ்டேஷன் உயிரோட இருக்கா, இல்ல பால் தெளிச்சாச்சா?”

ஆனால் எங்கள் மீட்டரில் ஆயிரம் வாட் அப்படியே நின்றது. ஒவ்வொரு மணிக்கும் சாகுல் ஆயிரம் என்றுதான் பதிந்திருந்தார்.

கோபுரத்தின் அடியில் இன்னொரு மீட்டர் இருக்கும். ஆன்டெனாவுக்குள் ஏறும் மின்னோட்டத்தை அது நேரடியாகக் காட்டும். எங்களுடையது இடி விழுந்து எரிந்துபோய், புதிது கேட்டு எழுதி, வராமல் கிடந்தது. ஆக இருந்தது ஒரே சாட்சி, டிரான்ஸ்மிட்டர் மீட்டர். அதற்குச் சாட்சி சாகுல்.

புகார் மேலே போனது. மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், சென்னைக்காரர். சாகுலை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். நான் வெளியே இருந்தேன். சாகுல் வெளியே வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

“டீசல் திருடன்னு முகத்துக்கு நேராவே சொல்லுதான் வே” என்றார். “கரண்டு போனா ஜெனரேட்டர். அதுல டீசல் மிச்சம் புடிக்க நான் வாட்டைக் குறைச்சேனாம். மிச்சத்தை வித்துட்டு, ஆயிரம்னு பொய்யா எழுதி வச்சேனாம். ஹராமான காசு ஒரு பைசா என் வீட்டுக்குள்ள போனதில்ல வே. சஸ்பெண்ட் பண்ணப் போறாங்களாம். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கு. அங்கன இந்தப் பேச்சு போனா என்ன ஆகும்?”

“நம்ம சார் ஒண்ணும் சொல்லலையா?”

“அதைக் கேளும். ‘இந்த ஆளை நம்பலாமா’ன்னு அவன் கேக்கான். நம்ம சாரு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, ‘அளக்காம ஒண்ணும் சொல்ல முடியாது’ங்காரு. பதினெட்டு வருசம் கூட இருந்த மனுசன். நம்பலாம்னு ஒரு சொல்லு சொன்னா நாக்கு தேஞ்சிருமா?”

“அவரு எல்லாத்தையும் அப்படித்தானவே கேப்பாரு. வெயிலைக்கூட…”

“வெயிலும் டீயும் நானும் ஒண்ணாவே?”



மறுநாள் அளக்கும் வேலை தொடங்கியது. எங்களை யாரும் குறைசொல்ல முடியாதபடி சார் ஏற்பாடு செய்தார். அதிகாரி தன்னோடு வந்த உதவியாளரை டிரான்ஸ்மிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் கண்முன்னே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதே மின்தடையுள்ள ஒரு சோதனைப் பெட்டியை மாட்டிப் பார்த்தோம். மீட்டர் சரியாகவே இருந்தது. ஆயிரம் என்றால் ஆயிரம். மீண்டும் ஆன்டெனாவை இணைத்துவிட்டு, ஜீப்பில் நானும் சாரும் கிளம்பினோம். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் சாகுலுக்கு வர அனுமதியில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அலையின் வலிமையை அளப்பது எப்படி என்பதை சாரிடம் பார்க்க வேண்டும். நிலையம் தொடங்கிய வருடத்தில் எட்டுத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் தொலைவில் அளந்த இடங்களில் கல் நட்டிருந்தார்கள். ஜீப்பை அந்தக் கல்லிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தச் சொல்வார். “ஜீப்பும் இரும்புதான்வே, அதுவும் ரேடியோ கேக்கும்.” என் குடையில் இரும்புக் கம்பி இருந்ததால் அதையும் ஜீப்பில் வைத்துவிட்டு வெயிலில் நடந்தேன். மேலே மின்கம்பி போகிறதா, பக்கத்தில் பம்ப்செட் இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகுதான் மூன்றுகாலி விரியும். மீட்டர் ஒரு கனத்த பெட்டி, அதன் தலையில் வளைய ஆன்டெனா. முதலில் மீட்டரை அதற்குள்ளேயே இருக்கும் சோதனை அலையோடு ஒப்பிட்டுச் சரிசெய்வார். அடுத்து வளையத்தைப் பையத் திருப்பி உச்சம் எங்கே என்று பிடிப்பார். அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் ஒலி அடியோடு செத்துப்போக வேண்டும்.

“சாகலைன்னா வேற எதோ ஒரு கம்பி நம்ம அலையை வாங்கித் திருப்பி அனுப்புதுன்னு அர்த்தம். அந்த இடம் ஆகாது” என்பார்.

முக்கியமான விதி இன்னொன்று. படிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். எழுதியவர் எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கல்லுக்கு மூன்று தடவை. ஒற்றை ஆள் அளந்த எண்ணை அவர் எண்ணாகவே மதிக்க மாட்டார்.

ஒரு கிலோவாட்டை நல்ல கோபுரத்தில் செலுத்தினால், நல்ல தரையில், ஒரு கிலோமீட்டரில் சுமார் முந்நூறு மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும். அது புத்தகத்து அளவு. கிழக்குக் கல்லில் இருநூற்று அறுபத்திரண்டு. வடக்கில் இருநூற்று ஐம்பத்தைந்து. மேற்கே போகப் போகக் குறைந்தது. களக்காட்டைப் பார்த்த தென்மேற்குக் கல்லில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“ரொம்பக் குறைவு சார்” என்றேன்.

“எதை வச்சு?”

“தொடங்கின வருசம் இதே கல்லுல எடுத்ததை வச்சு. அப்ப இருநூத்தி எண்பத்தெட்டு.”

தலையாட்டினார். அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த இரண்டு மில்லிவோல்ட்டின் விகிதத்தை அதனாலேயே பெருக்கினால் வாட் விகிதம். களக்காட்டுக்காரருக்கு நாங்கள் ஆயிரம் வாட் நிலையம் அல்ல, நானூற்று எழுபத்து மூன்று வாட் நிலையம். ஆனால் அதே நேரத்தில் அங்கே அதிகாரியின் ஆள் கண்ணெதிரே ஆயிரம் வாட் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் எங்கே? எனக்கு சாகுலின் வேலைகூட அந்த நிமிடம் மறந்துபோனது. ஐந்நூற்று இருபத்தேழு வாட் ஒரு கிலோமீட்டருக்குள் எங்கோ காணாமல் போயிருக்கிறது!

திரும்பி வந்தபோது சாகுலுக்கு நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. கோபுரத்தின் அடியில் ஒரு சிறு அறை உண்டு. டிரான்ஸ்மிட்டரையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று பொருத்தும் செப்புச் சுருள் அதற்குள் இருக்கும். சுருளில் ஒரு கொக்கியை எந்த இடத்தில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துப் பொருத்தம் அமையும். அதிகாரி அதைத் திறந்து பார்த்திருக்கிறார். சுருளின் மேல் கோபுரத்துக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டில் நான்கு பொட்டுகள். கொக்கி நான்காவது பொட்டையும் தாண்டி நின்றது.

“நாலு தடவை இடம் மாத்தியிருக்கான். யாரைக் கேட்டு மாத்தினான்? இப்படித்தான் பவரைக் குறைச்சிருக்கான்” என்றார் அதிகாரி.

“கூடக் கொறைய ஆக்கலை சார்” என்றார் சாகுல். “அனுப்புன பவர் கொஞ்சம் கோபுரத்துல ஏறாம திரும்பி வந்துச்சு. அதைச் சைபராக்கத்தான் கொக்கியை நகத்தினேன். பழைய இடம் மறந்திரக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் பொட்டு வச்சேன். திருடுறவன் பொட்டு வப்பானா சார்?”

அதிகாரி வெளியே போனார். பொட்டுகளை எண்ணியபடி நான் நின்றேன். நான்கும் ஒரே திசையில் இருந்தன. ஒன்றுகூடப் பின்னால் வரவில்லை.

“சாகுலு, எப்பப்ப மாத்தினீரு?”

“வருசத்துக்கு ஒருக்கதான் வே. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து பாத்தா திரும்பி வர்ற பவர் கூடியிருக்கும்.”

சாரும் அருகில்தான் இருந்தார். நான் உரக்க யோசித்தேன். பொங்கலுக்குப் பிறகு வயல் அறுவடையாகும், கால்வாயில் தண்ணீர் குறையும், தரை காயும். ஈரம் குறைந்தால் சுருளின் பொருத்தம் மாறும்தான். “ஆனா சார், மழை வந்தா பழையபடி திரும்பி வரணுமே. இது வரலை. பொங்கலுக்குப் பொங்கல் கூடிக்கிட்டே போகுது. வருசத்துக்கு ஒரு தடவை நடக்கணும், நடந்தது சரியாகக் கூடாது, அதுவும் மேற்குப் பக்கமா இருக்கணும். அப்படி இங்கன என்ன இருக்கு?”

“எதை வச்சு?” என்று சார் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஜன்னல் வழியே மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய், “சொடலை, கடப்பாரையை எடுத்துட்டு வா” என்றார்.

பனங்கிழங்குப் பாத்திக்கு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையை அவனிடமிருந்து வாங்கித் தானே தோண்டினார். அவருக்குத் தோண்டத் தெரியவில்லை. சுடலைமுத்து பொறுக்காமல், “சார், அப்படிக் குத்தக் கூடாது, கிழங்கு… மண்ணு சிதறும், குடுங்க” என்று பிடுங்கிக்கொண்டான்.

அரை அடி ஆழத்தில் அறுபட்ட கம்பி முனை ஒன்று வந்தது. பச்சைக் களிம்பு ஏறி, வேர் போல இருந்தது.

“இது முன்னாடியே தட்டுப்பட்டிருக்காலே?” என்றார் சார்.

“ஆமா சார், கிழங்கு எடுக்கும்போது அடிக்கடி தட்டுப்படும். பனை வேருன்னு நெனச்சேன். ரொம்பக் கெட்டியா இருக்கேன்னு ஓங்கி ஒரு போடு போடுவேன்.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. “தப்பா சார்?”

“உன் தப்பு இல்லலே.”

பாத்தியை அங்கே போடச் சொன்னவரே சார்தான். நிலம் சும்மாக் கிடக்கிறது என்று சுடலைமுத்து கேட்டபோது அவர் வெறுமனே சரி என்று சொல்லிவிடவில்லை, வரைபடம் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். கம்பிகள் ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கின்றன. பாத்தியைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரமாகக் கட்டினால், கிழங்கு மேட்டுக்குள்ளேயே இறங்கி முடிந்துவிடும், கம்பியைத் தொடாது. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் மேடு கட்ட மண் எங்கிருந்து வரும்? பக்கத்திலிருந்தே வழித்து எடுத்திருக்கிறான். பொங்கலுக்குக் கிழங்கெடுத்ததும் மேடு கலையும். மழையில் அந்த இளகிய மண் ஓரத்து ஓடைக்குப் போய்விடும். அடுத்த வருடம் மறுபடியும் வழிப்பான். இரண்டே வருடத்தில் ஒன்றரை அடி அரை அடியாகிவிட்டது. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் கம்பி அறுந்திருக்கிறது.

மாலைக்குள் மேற்குப் பக்கம் முழுவதையும் திறந்தோம். நூற்று இருபதில் முப்பத்தொன்று அறுந்திருந்தன. காணாமல் போன ஐந்நூற்று இருபத்தேழு வாட் அந்த மண்ணைத்தான் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதில் விளைந்த கிழங்கை நாங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் தின்றிருக்கிறோம்.

அதிகாரி ஊருக்குக் கிளம்புமுன் அறிக்கை கேட்டார். சார் எழுத உட்கார்ந்தார். எனக்கு ஒரு வழி தோன்றியது.

“செம்புத் திருட்டுன்னு எழுதிரலாம் சார். எங்கயும் நடக்கத்தான செய்யுது. மர்ம நபர்கள்னு போட்டா யாருக்கும் பாதகமில்லை.”

“பாதகமில்லைன்னு எதை வச்சுச் சொல்லுதீரு?” பேனாவை மூடினார். “திருட்டுன்னு ஒரு சொல்லை இதுல எழுதினா, அதுக்குன்னே ஒரு ஆளை இவங்க நிப்பாட்டி வச்சிருக்காங்க. சாகுல் மேலதான் போய் ஒட்டும். சொடலை பேரை எழுதினா அவன் தினக்கூலி, நாளைக்கே வீட்டுக்குப் போவான். யாரு மேலயும் விழாம எழுத முடியுமாவே? ஆன்டெனா மாதிரிதான் இதுவும். மொத்தம் மாறாது. எந்தப் பக்கம் திருப்பி வைக்கோம்ங்கிறதுதான் நம்ம கையில இருக்கு.”

எழுதினார். பாத்திகள் தன் அனுமதியின் பேரில் போடப்பட்டவை. மேட்டுக்கான மண் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதைத் தான் கணக்கில் சேர்க்கவில்லை. சுருளில் செய்யப்பட்ட மாற்றங்கள் பணியாளர் முறையாகச் செய்தவை, அடையாளமும் இட்டவை. மூன்றே வாக்கியம். அதிகாரி இரண்டு தடவை படித்தார். “நீங்களே எழுதிக் குடுக்கறீங்களா?” என்றார். சார் தலையாட்டினார். சாகுல் மேலிருந்த நடவடிக்கை நின்றது. சாருக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நின்றது.

கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, ஓடைப் பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்து மூடினோம். மண் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தத் தடவை சார் நின்று பார்த்தார். பிறகு சாகுல் அடியறைக்குள் போனார். கொக்கியைப் பையப் பின்னுக்கு நகர்த்தினார். நான்காவது பொட்டு, மூன்றாவது, இரண்டாவது. முதல் பொட்டு வைத்திருந்த பழைய இடத்துக்கே வந்தபோது திரும்பி வரும் சக்தி சைபர் ஆனது. அந்த நாட்களில் சாகுல் சாரிடம் வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறு சொல் பேசவேயில்லை.

“சாகுல், தென்மேற்குக் கல்லுக்குப் போயி அளந்துட்டு வாரும்” என்றார் சார்.

“யாரு கூட சார்?”

“தனியாத்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று எத்தனை வருடம் என்னை வெயிலில் நிறுத்தியவர்! நானும் போகிறேன் என்று எழுந்தேன். உட்காரும் என்று கையைக் காட்டினார். ஜீப் போனது. முக்கால் மணி நேரம் சார் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை.

செல்போன் அடித்தது. சார் அதை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

“இருநூத்தி எண்பத்தாறு சார்” என்றது சாகுலின் குரல். தொடங்கிய வருடத்துக்கு இரண்டே குறைவு.

சார் பழக்கத்தில் கேட்டுவிட்டார். “எதை வச்சு?”



“மீட்டரை வச்சு சார். என் சொல்லை வச்சு வேண்டாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

“மீட்டர் அங்கன உம்ம கிட்ட இருக்கு. இங்கன எனக்கு வந்தது உம்ம சொல்லுதான். அதை வச்சே எழுதிக்கிடுதேன் சாகுல்.”

“சரி சார்” என்றார் சாகுல். பிறகு, “இங்கன வெயில் கடுமையா இருக்கு சார், கிளம்புதேன்” என்றார்.

எதை வச்சு என்று சார் கேட்கவில்லை. தென்மேற்கு என்ற இடத்தில் இருநூற்று எண்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டாவது ஆள் கையெழுத்திட வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. அந்தக் கட்டம் என்னை இரவெல்லாம் உறுத்தியது. மறுநாள் காலையில் ஜீப் சாவி ஆணியில்தான் தொங்கியது, மீட்டரும் பெட்டியில்தான் இருந்தது. ஒரு தடவை போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. சாவியைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப ஆணியில் மாட்டினேன்.